ஒலிபெருக்கியும் கடைசி வரிசையும்

ஆவடி! இன்று அப்பெயரைக் கேட்டதும் டாங்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். 1955 ஜனவரியில் வேறொரு காரணத்தால் அது நாடெங்கும் பேசப்பட்டது. அங்கே சத்தியமூர்த்தி நகர் எழுந்தது. தேபர் தலைமையில் காங்கிரசின் 60-ஆவது மாநாடு கூடிற்று. சமதர்மப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேறிற்று. மார்ஷல் டிட்டோவும் வந்திருந்தார். திரண்ட பெருங்கூட்டத்திடம் மேடைப் பேச்சைக் கொண்டு சேர்க்க வல்ல கருவி எது? ஒலிபெருக்கி! தலைவர்களுக்கு வரலாறு உண்டு. அந்தக் கருவிக்கும் உண்டு.

1907 மே மாதத்தை எண்ணிப் பாருங்கள். சென்னைக் கடற்கரையில் வங்கத்து விபின் சந்திர பாலர் முழங்கினார். ஒலிபெருக்கி இல்லை, மொழியோ ஆங்கிலம். குரல் எட்டியவர் சிலர். பொருள் எட்டியவர் அவரினும் சிலர். அக்காலக் கூட்டங்களில் தொண்டை வலுத்தவனே பேச்சாளன். முன்வரிசையில் இடம் பெற்றவனே கேட்பவன். அந்த இடம் யாருக்குக் கிடைத்தது? பாடுபட்டுக் களைத்து, பிந்தி வந்தவனுக்கா?

டென்மார்க்கில் பிறந்த ஜென்சனும் அமெரிக்கரான பிரிதாமும் இந்நிலையை மாற்றினர். குரலின் அதிர்வை மின்னதிர்வாக்கி, வால்வுகளால் வலுவூட்டி, மீண்டும் ஒலியாக்கும் வழி பிறந்தது. 1919 செப்டம்பரில், சான் டீகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சனின் உரையை ஏறத்தாழ 50,000 பேர் அவ்வழியே கேட்டனர்.

சென்னையிலும் ஆர்வம் அரும்பிற்று. 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோரின் வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று; பணமுடையால் 1927-இல் ஓய்ந்தது. 1930-இல் மாநகராட்சி அப்பணியை ஏற்றது. வானொலிப் பெட்டி வாங்க வகையற்றவனும் கடற்கரையிலும் பூங்காவிலும் நின்று, ஒலிபெருக்கி வழியே இசை கேட்டான்.

பின்னர் தமிழ் மேடை அக்கருவியைத் தனதாக்கிற்று. காஸ் விளக்கு இரவைப் பகலாக்கிற்று. ஆலை வேலை முடித்தவனும் கூட்டத்துக்கு வர முடிந்தது. ஒலிபெருக்கி தொலைவை அருகாக்கிற்று. அறிஞர் அண்ணாவின் கரகரத்த குரல், கத்தாமலே, உரையாடுவதுபோல் கடைசி வரிசையைத் தொட்டது. அந்த வரிசையிலிருந்து துண்டுச் சீட்டில் கேள்விகளும் மேடைக்கு வந்தன. கருவி பேச்சை இறக்கிற்று. சீட்டு கேள்வியை ஏற்றிற்று. இரண்டும் சேர்ந்தபோதுதான் கூட்டம் உயிர் பெற்றது!

இன்றோ மேடைக்குப் பின்னால் பெருந்திரை, கையடக்கத்தில் கைபேசி. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சி ஆயிற்று. 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் பேசப்பட வேண்டிய அவை அது. அங்கே திரை எதற்கு? தலைவரின் முகத்தைப் பெரிதாக்கவா? வார்டின் வரவுசெலவைக் காட்டட்டும்! கம்பியில்லா ஒலிவாங்கி பின்வரிசைப் பெண்ணின் கைக்குப் போகட்டும். தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்ப்பவனின் கேள்வி கைபேசி வழியே வரட்டும். பதிலும் அவ்வழியே அவனைச் சேரட்டும்.

புதுமை கருவியில் இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒலிபெருக்கி கடைசி வரிசையின் காதைத் திறந்தது. இனி, அவ்வரிசையின் வாய் திறக்கட்டும்!