ஆரஞ்சு மரத்துக்குக் கட்டிய அறை

பிரிட்டனில் வீட்டை ஒட்டியோ தோட்டத்தின் கோடியிலோ கட்டப்படும் கண்ணாடித் தோட்ட அறைக்கு மூலம், குளிர் தாங்காத மரங்களுக்காக எழுந்த கட்டடம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியிலிருந்து ஆரஞ்சு, எலுமிச்சைக் கன்றுகளை வரவழைத்து வளர்ப்பது வட ஐரோப்பியப் பிரபுக்களுக்குப் பெருமைக்குரிய காரியமாக இருந்தது. பனிக்காலத்தில் அவை பட்டுப்போகாமல் காக்கத் தனி இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் நானூறு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, மனிதர் நாற்காலி போட்டு உட்காரும் அறையாகிவிட்டது. கண்ணாடி என்ன விலை, அறையை எப்படிச் சூடாக்குவது, உள்ளே இருக்கப்போவது செடியா ஆளா: இந்த மூன்று கேள்விகளே ஒவ்வொரு காலத்திலும் அதன் வடிவத்தைத் தீர்மானித்தன.

ஒளி புகும் மூடிக்குள் செடி வளர்க்கும் உத்தி அதைவிடப் பழையது. ரோமப் பேரரசர் டைபீரியசுக்காகச் சக்கரம் வைத்த பாத்திகளில் வெள்ளரி வளர்த்ததையும், குளிர்நாளில் ஒளி ஊடுருவும் கல் தகடு பதித்த சட்டங்களால் அவற்றை மூடியதையும் மூத்த பிளினி குறித்திருக்கிறார். ஆரஞ்சு மரங்களுக்கு முதலில் செய்யப்பட்ட ஏற்பாடும் தற்காலிகமானதே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் கோட்டைத் தோட்டத்தில் தரையில் நட்ட ஆரஞ்சு மரங்களைச் சுற்றி ஒவ்வொரு குளிர்காலத்திலும் மரக்கொட்டகை போட்டார்கள். வசந்தம் வந்ததும் பிரித்துவிட்டார்கள். ஆண்டுதோறும் கட்டிப் பிரிக்கும் செலவுக்கு நிலையான கட்டடமே மேல் என்று தோன்றியபோது ‘ஆரஞ்சரி’ பிறந்தது.

ஆரஞ்சரிகளில் பேர்பெற்றது வெர்சாய் அரண்மனையில் இருப்பது. ழூல் ஆர்துவான்-மன்சார் வடிவமைத்த அக்கட்டடம் 1684க்கும் 1686க்கும் இடையில் எழுந்தது. அதன் நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம். தெற்கு பார்த்த உயரமான ஜன்னல்கள் வழியே தாழ்ந்த குளிர்கால வெயில் உள்ளே விழும். மற்றப் பக்கங்களில் கனத்த சுவர்கள் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரங்கள் தரையில் நடப்படாமல், பக்கப்பலகையைக் கழற்றி வேரைப் பார்க்கக்கூடிய சதுரப் பெட்டிகளில் நின்றன. கோடையில் அவற்றை வெளியே தள்ளி வந்து முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். குளிருக்கு முன் உள்ளே கொண்டுபோவார்கள்.

இந்த அமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. ஜன்னல் ஒரு பக்கம் மட்டும், கூரையோ ஒளி புகாதது. லண்டனை அடுத்த கியூவில் வில்லியம் சேம்பர்ஸ் 1761இல் கட்டிய ஆரஞ்சரிக்குள் மரங்கள் வளரப் போதிய வெளிச்சமே இல்லை. ஆனால் செடிக்கு இருட்டான கூடம் மனிதருக்கு வசதியாக இருந்தது. கோடையில் மரங்கள் வெளியேறியதும் கூடம் காலியாகும். கென்சிங்டன் அரண்மனையில் ஆன் அரசிக்காக 1704இல் தொடங்கிக் கட்டப்பட்ட ஆரஞ்சரி, கோடையில் விருந்து மண்டபமாகப் பயன்பட்டது. தோட்ட அறையில் ஆள் குடிபுகுந்த கதை இங்கேதான் ஆரம்பம்.

சூடேற்றுவதும் எளிதாக இல்லை. உள்ளே கரிக்கணப்பு வைத்தால் புகையும் வறண்ட காற்றும் இலைகளைக் கருக்கின. தோட்டக்கலை நூல்கள் எழுதிய ஜான் ஈவ்லின், அடுப்பை வெளியே வைத்து, அதில் சூடான காற்றைக் குழாய் வழியே உள்ளே விடும் ஒரு திட்டத்தை 1691இல் வெளியிட்டார். பிறகு சுவருக்குள் புகைப்பாதைகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் கொதிகலனிலிருந்து வெந்நீர் ஓடும் இரும்புக் குழாய்கள் வந்தன. வெந்நீர்க் குழாய் ஒரே சீரான சூட்டைத் தந்தது, புகை தரவில்லை.

கூரை முழுவதும் கண்ணாடியாவதற்குத் தடையாக நின்றது வரி. பிரிட்டனில் 1746 முதல் கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி விதித்தார்கள். அதனால் கண்ணாடி மெல்லியதாக, சின்னச் சின்னத் துண்டுகளாகவே பயன்பட்டது. இந்தக் கட்டுக்குள்ளேயே புதுவழி கண்டவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிளாடியஸ் லவுடன். வளைக்கக்கூடிய தேனிரும்புச் சட்டத்தை 1816இல் உருவாக்கினார். கட்டை மரச்சட்டம் ஒளியை மறைக்கும். மெல்லிய இரும்புச் சட்டம் நிழல் காட்டாது, வளைந்தும் கொடுக்கும். டெவன் மாவட்டத்தில் பிக்டன் தோட்டத்துப் பனைவீட்டில் இதன் பயனைக் காணலாம். குமிழ்போல வளைந்த அதன் கூரையில் ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடித் துண்டுகள் மீன் செதிள்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

1832இல் பர்மிங்காமை அடுத்த சான்ஸ் சகோதரர்களின் ஆலை, ஊதிய உருளையை வெட்டி விரித்துப் பெரிய கண்ணாடித் தகடு செய்யும் முறையை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தது. 1845இல் வரி ஒழிந்தது, விலை சரிந்தது. சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் 1836–40இல் எழுப்பிய 84 மீட்டர் நீளப் பெரிய கண்ணாடி வீடும், டெசிமஸ் பர்ட்டனும் ரிச்சர்ட் டர்னரும் 1848இல் கியூவில் முடித்த பனைவீடும் இந்த அலையில் எழுந்தவை. பனைவீட்டின் கொதிகலன்கள் நிலவறையில் இருந்தன. அவற்றின் புகை சுரங்கம் வழியே தள்ளி நின்ற கோபுரம் ஒன்றில் வெளியேறியது. 1851 லண்டன் பொருட்காட்சிக்குப் பாக்ஸ்டன் கட்டிய பளிங்கு மாளிகை, ஏறத்தாழ மூன்று லட்சம் கண்ணாடிகளைத் தாங்கி நின்றது.

பிரபுக்களின் தோட்டத்திலிருந்து நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்குக் கண்ணாடி அறையைக் கொண்டுவந்ததிலும் லவுடனுக்குப் பங்கு உண்டு. லண்டன் போர்செஸ்டர் டெரசில் 1820களில் அவர் கட்டிய இரட்டை வீட்டின் நடுவில் கண்ணாடிக் குமிழ்க்கூரை அமைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரு வீடும் ஒரே மாளிகையாகத் தெரிந்தன. பாக்ஸ்டனோ, பலகைகளாகப் பிரித்து அனுப்பி எவரும் பூட்டிக்கொள்ளக்கூடிய கண்ணாடி வீட்டுக்கு 1858இல் காப்புரிமை பெற்று மலிவாக விற்பனைக்கு விட்டார். வரவேற்பறைக்கு அடுத்து ஓடு பாவிய தரையும், பெரணியும் கமேலியாவும் தொட்டிப்பனையும், பிரம்பு நாற்காலிகளும் கொண்ட அறை செல்வாக்கின் அடையாளமாயிற்று.

அதைத் திட்டமிடுவதில் எழுந்த சிக்கல் ஈரம். செடிக்கு வேண்டிய புழுக்கம் திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் ஆகாது. கட்டடக்கலைஞர் ராபர்ட் கெர் 1864இல் வெளியிட்ட வீட்டமைப்பு நூலில், கண்ணாடி அறையை வசிக்கும் அறையோடு நேராக இணைக்க வேண்டாம் என்றார். அந்த வெம்மையான ஈரக்காற்று மூச்சுக்கும் நல்லதல்ல, அறைகலன்களையும் கெடுக்கும் என்பது காரணம். அதனால் நடுவில் ஒரு சிறு இடைவழி விட்டு இரண்டு கதவு வைப்பதும், கீழே ஒன்று உச்சியில் ஒன்றெனக் காற்றுவாய்கள் அமைப்பதும், கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்துச் செடிக்கு விடுவதும் கைக்கொள்ளப்பட்டன.

இதே கண்ணாடி, பெட்டி வடிவில் கடலும் கடந்தது. மருத்துவர் நத்தானியல் பாக்ஷா வார்டு உருவாக்கிய மூடிய கண்ணாடிப் பெட்டிகளில்தான் 1860களின் தொடக்கத்தில் சிங்கோனாக் கன்றுகள் நீலகிரிக்கு வந்தன. பளிங்கு மாளிகையின் சாயலில் பெங்களூரு லால்பாக்கில் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வெயிலைச் சேமிக்க வேண்டாத ஊரில் அது மலர்க்கண்காட்சிக் கூடமாயிற்று.

முதல் உலகப்போர் கண்ணாடி அறைகளை முடக்கியது. கரியும் கிடைக்கவில்லை, தோட்டக்காரர்களும் இல்லை. சாட்ஸ்வொர்த்தின் பெரிய கண்ணாடி வீட்டுச் செடிகள் மடிந்தன. 1920இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடுத்து வந்த காலத்தில் வெயில் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் பரவ, தோட்ட அறை செடியை விட்டு மனிதரைச் சேர்ந்தது. நாடகாசிரியர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா, ஏயட் செயின்ட் லாரன்ஸ் கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் எழுதுவதற்கென ஒரு மரக்குடில் வைத்திருந்தார். அது சுழலும் அச்சின்மேல் நின்றதால், சூரியன் நகர நகரத் தள்ளித் திருப்பிக்கொள்ள முடிந்தது. உள்ளே மேசை, தொலைபேசி, மின்கணப்பு இருந்தன.

1959இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறை, சமமான பெரிய தகடுகளை மலிவாக்கியது. இரட்டைக் கண்ணாடியும் பிளாஸ்டிக் சட்டமும் சேர, 1970களுக்குப் பின் சாதாரண வீடுகளின் பின்புறத்திலும் கண்ணாடி அறை முளைத்தது. இங்கிலாந்தின் விதிகள் பழைய பிரிவினையைச் சட்டமாக்கின: தரைமட்டத்தில் 30 சதுர மீட்டருக்குள் அமைந்து, வீட்டிலிருந்து வெளிக்கதவுத் தரமுள்ள கதவால் பிரிக்கப்பட்ட கண்ணாடி அறைக்குக் கட்டட விதிகளில் பொதுவாக விலக்கு உண்டு. தனித்து நிற்கும் தோட்ட அறை எல்லைக்கோட்டிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால், அனுமதி இல்லாமல் 2.5 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. 2020இன் கொரோனா முடக்கத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் இத்தகைய அறைகளை அலுவலகமாக்கிக்கொண்டார்கள்.

கண்ணாடிக் கூரை கோடையில் கொதிக்கிறது, குளிரில் நடுங்க வைக்கிறது என்பதால், அதைக் கழற்றிவிட்டு வெப்பக்காப்புள்ள திடக்கூரை போடுவது இப்போது பெருகியிருக்கிறது. செங்கல் தூண்களும் உயர்ந்த ஜன்னல்களும் பாதி மூடிய கூரையுமாக விற்கப்படும் புதிய அறைகளுக்கு நிறுவனங்கள் ஆரஞ்சரி என்றே பெயர் வைக்கின்றன. செடிக்கு ஆகாதென்று கைவிடப்பட்ட அமைப்பு, மனிதர் இருக்க ஏற்றதென்று திரும்பியிருக்கிறது.