குளத்து மீன் சினை பிடிக்கும் வயது: விவசாயியின் வருமானத்தைத் தீர்மானிக்கும் மரபுப் பண்பு

திருமுல்கேரி (ஐதராபாத்): வளர்ப்பு மீன் எந்த வயதில் இனப்பெருக்க முதிர்ச்சி அடைகிறது என்பது மீன் வளர்ப்போரின் வருமானத்தை நேரடியாகப் பாதிக்கும் பண்புகளில் ஒன்றாகும். விற்பனை எடையை எட்டுவதற்கு முன்னரே சினை பிடிக்கும் மீன், தான் உண்ணும் தீவனத்தின் ஒரு பகுதியைச் சதையாக மாற்றாமல் முட்டையாகவும் விந்தாகவும் மாற்றிவிடுகிறது. இந்த வயதை நீரின் வெப்பநிலையும் தீவனமும் மட்டுமன்றி, மீனின் மரபணுக்களும் தீர்மானிக்கின்றன. தென்னிந்தியக் குளங்களில் வளரும் சாதாக் கெண்டை மீனின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாக உள்ளது.

இழப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

சாதாக் கெண்டை அடித்தள இரை உண்ணும் மீன். கட்லா, ரோகு போன்றவற்றுடன் சேர்த்து வளர்க்க ஏற்றது. மழையை நம்பியுள்ள குளங்களிலும் இது பரவலாக விடப்படுகிறது. தெலங்கானா அரசு 2016-17 முதல் ஏரி, குளங்களில் இலவசமாக விட்டுவரும் மீன் குஞ்சுகளிலும் சாதாக் கெண்டை இடம்பெறுகிறது.

இம்மீனுக்கு ஒரு குறையும் உண்டு. ஐரோப்பாவின் குளிர்ந்த நீரில் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துச் சினை பிடிக்கும் சாதாக் கெண்டை, இந்தியாவின் வெப்பமான நீரில் ஓராண்டு நிறைவதற்கு முன்னரே சினை பிடிக்கிறது. பெண் மீன் தன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. கட்லா, ரோகு ஆகியவை தேங்கிய குளத்து நீரில் இயல்பாக முட்டையிடுவதில்லை. சாதாக் கெண்டையோ நீர்ச்செடிகள் இருந்தால் குளத்திலேயே முட்டையிட்டுவிடும்.

இதனால் விவசாயிக்கு இரு வகையில் இழப்பு ஏற்படுகிறது. முதலாவது, மீனின் வளர்ச்சி வேகம் குறைகிறது. எடையில் ஒரு பகுதி விலை கிடைக்காத சினைப்பையாகப் போகிறது. இரண்டாவது, கணக்கில் இல்லாத குஞ்சுகள் குளத்தில் பெருகி, விட்ட மீன்களுக்குரிய இரையையும் உயிர்வளியையும் பங்கிட்டுக் கொள்கின்றன. அறுவடையின்போது எண்ணிக்கை அதிகமாகவும், ஒவ்வொரு மீனும் சிறியதாகவும் இருக்கும். சந்தையில் சிறிய மீனுக்கு விலை குறைவு.

வெப்பமா, மரபா?

முன்கூட்டிய முதிர்ச்சிக்கு வெப்பம் மட்டுமே காரணமாக இருந்தால், விவசாயியால் செய்யக்கூடியது அதிகமில்லை. மரபும் காரணமாக இருந்தால், இனத்தை மாற்றுவதன் மூலம் தீர்வு காண முடியும். எனவே இவ்விரண்டையும் பிரித்தறிவது அவசியமாகிறது. வெவ்வேறு மூலத்திலிருந்து வந்த மீன்களை ஒரே பண்ணையில், ஒரே தீவனத்தில், ஒரே காலத்தில் வளர்த்துப் பார்ப்பதே இதற்கான வழி. சூழல் ஒன்றாக இருக்கும்போது, மீன் கூட்டங்களுக்கு இடையே காணப்படும் வேறுபாடு மரபு சார்ந்தது எனக் கொள்ளலாம்.

இத்தகைய ஆய்வு கர்நாடகத்தில் நடைபெற்றது. பெங்களூரு ஆய்வாளர்கள் பிரிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, அம்மாநிலத்தில் சாதாக் கெண்டை முன்கூட்டியே முதிர்வதற்கான தீர்வுகளை 1990-களிலிருந்து ஆராய்ந்தனர்.

முதலில் மலட்டு மீன் உருவாக்கும் முறை சோதிக்கப்பட்டது. கருவுற்ற முட்டைகளுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் அதிர்ச்சி அளித்தால், இரண்டுக்குப் பதிலாக மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்ட மீன்கள் பிறக்கும். அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் முழு வளர்ச்சி பெறுவதில்லை. கர்நாடகச் சோதனை குறித்த ஆய்வுக் கட்டுரை 2002-இல் வெளியானது. எனினும், இம்முறையில் ஒவ்வொரு முறை குஞ்சு பொரிக்கும்போதும் அதிர்ச்சி சிகிச்சையைத் துல்லியமாகச் செய்ய வேண்டும். சிறிய குஞ்சு பொரிப்பகங்களுக்கு இது எளிதன்று.

அடுத்து, வெளிநாட்டு மீன் கூட்டங்கள் உள்ளூர் மீன்களுடன் ஒப்பிடப்பட்டன. ஹங்கேரியிலிருந்து தருவிக்கப்பட்ட அமுர் வகைச் சாதாக் கெண்டை, உள்ளூர் மீனைவிட வேகமாக வளர்ந்ததுடன் தாமதமாகவும் முதிர்ந்தது. நீரும் வெப்பமும் ஒன்றாக இருக்க, முதிரும் வயது மட்டும் மாறியது. உள்ளூர் மீனின் அவசரத்துக்கு அதன் மரபும் காரணம் என்பது இதன்மூலம் தெரியவந்தது. மலட்டு மீன் முறையைப் போலன்றி, மேம்பட்ட இனத்தை ஒருமுறை பெற்றுவிட்டால், முறையாகப் பராமரிக்கும் வரை அப்பண்பு அடுத்த தலைமுறைக்கும் தொடரும்.

உள்ளூர் மீன் ஏன் மாறியது?

இந்தியாவுக்குச் சாதாக் கெண்டை வெளியிலிருந்து வந்ததாகும். 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஐரோப்பிய வகை மீன்கள் கொண்டுவரப்பட்டன. 1957-இல் பாங்காக்கிலிருந்து மற்றொரு வகை ஒடிசாவின் கட்டாக்கிற்கு வந்தது. சமவெளிக் குளங்களில் பரவியது இந்த இரண்டாவது வகையே.

வெளியிலிருந்து வரும் சில மீன்களிலிருந்து பெரிய கூட்டம் உருவாகும்போது, நெருங்கிய உறவுள்ள மீன்களே மீண்டும் மீண்டும் இணைய நேரிடுகிறது. அதோடு, குஞ்சு பொரிப்பகத்தில் அறியாமலேயே ஒரு தேர்வும் நடக்கிறது. பருவத்தில் முதலில் சினை முற்றும் மீனே முதலில் தொட்டியில் விடப்படுகிறது. நன்கு வளர்ந்த பெரிய மீன் சந்தைக்குப் போக, விற்காத சிறிய மீன் தாய் மீனாகத் தங்கிவிடுவதும் உண்டு. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக, விரைவில் முதிரும் பண்புள்ள மீன்களே பெற்றோராகின்றன. இப்படிச் செய்ய எவரும் திட்டமிடாவிட்டாலும், விளைவு திட்டமிட்ட இனத்தேர்வுக்கு ஒப்பானதே.

உடலுக்குள் நடப்பது என்ன?

முதிர்ச்சி மூளையில் தொடங்குகிறது. உடலின் வளர்ச்சி, சேமித்துள்ள கொழுப்பு, பகல் பொழுதின் நீளம், நீரின் வெப்பம் ஆகியவை குறித்த சமிக்ஞைகள் மூளையை அடைகின்றன. ஏற்ற நிலை வந்ததும் மூளை பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது சுரக்கும் ஹார்மோன்கள் சினைப்பையையும் விந்தகத்தையும் வளரச் செய்கின்றன. ‘ஏற்ற நிலை’ எது என்பதற்கான வரம்பு மீனுக்கு மீன் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டில் மரபணுக்களுக்குப் பங்குண்டு.

பெரும்பாலான மீன்களில் இப்பண்பைப் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகத் தீர்மானிக்கின்றன. இதற்கு வியப்பான விதிவிலக்கு அட்லாண்டிக் சால்மன். கடலில் ஓராண்டு மட்டும் கழித்து முதிரும் சால்மன் 1 முதல் 3 கிலோ வரை இருக்கும். மூன்றாண்டுகள் கழித்து முதிர்வது 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, இந்த வேறுபாட்டில் சுமார் 39 சதவீதம் ‘விஜிஎல்எல்3’ என்ற மரபணு அமைந்துள்ள ஒரே பகுதியுடன் தொடர்புடையது எனக் கண்டறிந்தது. மனிதர்கள் பருவமடையும் வயதுடனும் இதே மரபணு தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. சால்மன் பண்ணைகளில் முன்கூட்டிய முதிர்ச்சியைத் தவிர்க்க, குளிர்காலத்தில் கூண்டுகளுக்கு இரவிலும் விளக்கு வெளிச்சம் அளிக்கும் முறையும் உள்ளது.

வளர்ப்பவருக்கு ஒன்று, இனவிருத்தி செய்பவருக்கு மற்றொன்று

தாமதமான முதிர்ச்சி எல்லோருக்கும் எப்போதும் சாதகமானது என்று கூற முடியாது. தாய் மீன் முதிர்ந்தால்தான் அடுத்த தலைமுறை உருவாகும். ரோகு மீன் முதிர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆவதால், அதன் இனத்தேர்வில் ஒவ்வொரு தலைமுறைக்கும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியுள்ளது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், நார்வே நாட்டு ஒத்துழைப்புடன் 1992-இல் தொடங்கிய பணியின் பயனாகவே, வேகமாக வளரும் ‘ஜெயந்தி’ ரோகு கிடைத்தது. திலேப்பியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. சில மாதங்களிலேயே முதிர்ந்து குளத்தை நிரப்பிவிடும் என்பதால், ஆண் மீன்களை மட்டும் வளர்க்கும் முறை அதில் கையாளப்படுகிறது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2006 முதல் இயங்கிவரும் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம், புவனேஸ்வரம் அருகே கௌசல்யாகங்காவில் தேசிய நன்னீர் தாய்மீன் வங்கியை நடத்துகிறது. ஜெயந்தி ரோகு, அமுர் சாதாக் கெண்டை போன்ற மேம்பட்ட இனங்களைக் குஞ்சு பொரிப்பகங்களுக்குக் கொண்டு சேர்ப்பதே இதன் நோக்கம்.

மேம்பட்ட இனமும் பராமரிப்பு தவறினால் சில தலைமுறைகளில் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். எனவே குஞ்சு பொரிப்பகங்கள் முதலில் முதிர்ந்த சில மீன்களை மட்டும் நம்பாமல், போதிய எண்ணிக்கையில் உறவற்ற தாய், தந்தை மீன்களைப் பராமரிக்க வேண்டும். அமுர் வகையைப் பழைய உள்ளூர் மீன்களுடன் கலந்துவிடாமல் தனித் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். நன்கு வளர்ந்தும் சினை பிடிக்காதிருக்கும் மீன்களை விற்றுவிடாமல் தாய் மீனுக்காக ஒதுக்குவது பயன் தரும்.

குஞ்சு வாங்கும் விவசாயி விலையையும் அளவையும் மட்டும் பார்க்காமல், அவை எந்த இனத்தைச் சேர்ந்தவை, தாய் மீன்கள் எங்கிருந்து பெறப்பட்டவை, கடைசியாக எப்போது மாற்றப்பட்டவை என்பதையும் கேட்டறிய வேண்டும். குளத்தில் விட்ட மீன் ஆறு மாதத்தில் எவ்வளவு எடை கூடும் என்பது, குஞ்சு வாங்கும் நாளிலேயே ஓரளவு முடிவாகிவிடுகிறது.