நூல் அறுந்தால் நிற்கும் தறி

பெருந்தொழில்களின் வரலாற்றை எழுதுவோர் புதிய இயந்திரங்களைப் பற்றியே மிகுதியும் எழுதுவர். இயந்திரத்தின் அருகில் நின்ற தொழிலாளி கண்ட குறை மேலிடத்தின் காதுக்கு எவ்வாறு எட்டியது, அல்லது ஏன் எட்டாமற் போயிற்று என்பதை அவர்கள் விரித்துரைப்பது அரிது. ஆயினும் ஒரு தொழிலின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் அதனையே பொறுத்துள்ளன. மோட்டார் வண்டித் தொழிலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஜப்பானில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த சாக்கிச்சி டொயோடா 1924ஆம் ஆண்டில் தானியங்கித் தறி ஒன்றைச் செய்து முடித்தார். நூல் அறுந்தால் அத்தறி தானே நின்றுவிடும். பழுதுபட்ட துணி வீணாகச் சேராது. ஒருவரே பல தறிகளைக் கவனித்துக்கொள்ளவும் முடிந்தது. 1937இல் அவர் மகன் கீச்சிரோ நிறுவிய டொயோட்டா மோட்டார் கம்பெனி, பிற்காலத்தில் அக்கொள்கையைத் தொழிலாளிக்கும் உரியதாக்கியது. வண்டிகள் நகர்ந்து வரும் வரிசையின் ஓரமாக ஒரு கயிறு கட்டப்பட்டது. குறை கண்ட எவரும் அதை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும். குழுத் தலைவர் உதவிக்கு விரைந்து வருவார். குறித்த நேரத்தில் குறை தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும்.

இத்தகைய நம்பிக்கை எளிதில் வந்ததன்று. 1950இல் கம்பெனி கடனில் மூழ்கியபோது, 1,600 பேரைக் குறைக்கப் போவதாக நிருவாகம் அறிவித்தது. பெரும் போராட்டம் மூண்டது. கீச்சிரோ பதவி துறந்தார். நிருவாகமும் தொழிற்சங்கமும் ஒன்றையொன்று நம்பி உழைப்பதெனக் கூட்டறிக்கை வெளியிட்டது 1962இல்தான். பிழையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவன் எந்தக் கயிற்றையும் தொடமாட்டான். வேலைக்கு உறுதி என்பதே அக்கயிற்றின் முதற் புரி.

அமெரிக்காவில் நிகழ்ந்ததையும் காண்போம். கலிபோர்னியாவின் பிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது. வேலைக்கு வராமை, ஓயாத பூசல், குறையுள்ள வண்டிகள் ஆகியவற்றுக்கு அது பேர் பெற்றிருந்தது. 1984இல் அதே கட்டடத்தில் இரு கம்பெனிகளும் கூட்டாக 'நும்மி' என்னும் தொழிற்சாலையைத் தொடங்கின. சேர்க்கப்பட்டோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பழைய தொழிலாளர்களே. சங்கமும் பழைய சங்கமே. முன்பு வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம்; இப்போது குறையைக் கண்டும் நிறுத்தாதிருப்பதே குற்றமாயிற்று. அதிகாரிகளுக்கெனத் தனி உணவறை இல்லை. 1988இல் விற்பனை சரிந்தபோது ஒருவரும் நீக்கப்படவில்லை. உபரியானோர் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். அதே கைகள் செய்த வண்டிகள் விரைவில் ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த வண்டிகளுள் சேர்ந்தன.

கற்றுக்கொள்ளவே அங்கு அதிகாரிகளை அனுப்பிய ஜெனரல் மோட்டார்ஸ், கற்றதைப் பரப்பத் தவறியது. பயின்று வந்தோர் ஒருவர் இருவராகப் பல ஆலைகளுக்குச் சிதறினர். சில ஆலைகளில் கயிறு மட்டும் கட்டப்பட்டது. இழுத்தவனுக்கு ஏச்சே கிடைத்தது. 2009இல் அக்கம்பெனி நொடித்தது. மறு ஆண்டு நும்மியும் மூடப்பட்டது.

மௌனத்தின் விலை 2014இல் வெளிப்பட்டது. அக்கம்பெனியின் சிலவகைக் கார்களில், சாவி பொருந்தும் விசை தளர்ந்திருந்தது. ஓட்டத்திலேயே சாவி நழுவி இயந்திரம் அணைந்துவிடும். மோதினால் உயிர் காக்கும் காற்றுப் பைகளும் விரியா. பொறியாளர் சிலர் பத்தாண்டுகளுக்கு மேலாக இதனை அறிந்திருந்தனர். எனினும், ஓட்டுநருக்கு நேரும் சிறு வசதிக் குறைவாகவே அதனைக் கருதினர். 2006இல் அவ்விசை திருத்தப்பட்டபோது அதன் உறுப்பு எண் மாற்றப்படவில்லை. ஆகவே, விபத்துகளை ஆராய்ந்த பிற பிரிவினரால் காரணத்தைக் காண முடியவில்லை. கூட்டத்தில் அனைவரும் தலையசைப்பர், பின்னர் ஒருவரும் செயற்படார் என்று கம்பெனிக்காக நடந்த விசாரணையே கூறியது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட உயிரிழப்புகள் 124.

டொயோட்டாவும் இதற்கு விலக்கன்று. பாதுகாப்புக் குறைகளைப் பற்றி மக்களுக்குத் தவறான செய்தி தந்தமைக்காக, அதே 2014இல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் செலுத்த அது உடன்பட்டது. ஆலையில் கட்டிய கயிறு அலுவலக மாடிக்கும் எட்டியிருக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

ஒரே குறிக்கோள் என்று சுவரில் எழுதி வைப்பது எவர்க்கும் எளிது. கடைநிலைத் தொழிலாளி, "நிறுத்துங்கள், இங்கே பிழை இருக்கிறது" என்று சொல்லும்போது அவனுக்கு நன்றி கிடைக்கிறதா, தண்டனை கிடைக்கிறதா என்பதைக் கொண்டே அக்குறிக்கோளின் உண்மையை அறியலாம். தறி நூலறுந்த அக்கணமே நின்றது. மனிதனோ நிற்பதற்கு முன் தன் மேலதிகாரியின் முகத்தைப் பார்க்கிறான்.