இரண்டு விரல், ஒரு கம்பி

போனோடு சேர்த்துப் பயன்படுத்துகிற ஒரு சின்னத் தகடு. இரண்டு கைவிரல்களையும் அதன் மேல் வைத்து 30 விநாடி ஆடாமல் உட்கார்ந்தால் திரையில் இசிஜி ஓடும். ஏதோ போன வருஷத்துச் சமாச்சாரம் மாதிரி இதை விற்கிறார்கள். இரண்டு கைகளுக்கு நடுவே இதயத்தின் மின்சாரத்தை அளக்கிற யோசனை 100 வயதை எப்போதோ தாண்டிவிட்டது. தூரத்தில் இருந்தபடி அளப்பதும் பழசுதான்.

1887-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர், மார்பைத் திறக்காமலே மனித இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். கருவி, பாதரசம் ஏறி இறங்கும் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். பிறகு தன் வளர்ப்பு நாய் ஜிம்மியின் கால்களை உப்புத் தண்ணீரில் நிற்கவைத்து மேடைகளில் செய்து காட்டினார். 1909-ல் இது மிருகவதை இல்லையா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. தண்ணீரில் கொஞ்சம் சாப்பாட்டு உப்புதான் கலந்திருந்தது என்று உள்துறை அமைச்சர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பாதரசத்தின் சிக்கல் அதன் மந்தம். இதயம் போகிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் வேறு வழி பிடித்தார். உருகிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய இழையாக நீளும். அந்த இழைக்கு வெள்ளி பூசி, பெரிய மின்காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்டார். மொத்தக் கருவியும் சுமார் 270 கிலோ. இயக்க 5 பேர் வேண்டும்.

இதை நோயாளியிடம் தூக்கிக்கொண்டு போக முடியாது. நோயாளியையும் ஆய்வகத்துக்கு இழுத்துவர முடியாது. ஆகவே 1.5 கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பியைப் பயன்படுத்தினார். 1905 மார்ச் 22 அன்று அந்த வழியாக முதல் பதிவு வந்தது. அந்த ஆள் நோயாளி இல்லை, நல்ல ஆரோக்கியசாலி. அலைகள் உயரமாக இருந்ததற்கு, ஆய்வகத்திலிருந்து மருத்துவமனை வரை அவர் சைக்கிள் மிதித்துப் போனதே காரணம் என்று சொல்லப்பட்டது. கோட்டைப் பார்த்தவர்களுக்கு ஆளின் கதையும் தெரிந்திருந்தது. இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

வலது கைக்கும் இடது கைக்கும் இடையிலான அளவுக்கு ஐந்தோவன் வைத்த பெயர் லீட் ஒன்று. போன் தகட்டில் இரண்டு விரல் வைக்கும்போது கிடைப்பது அதே லீட் ஒன்றுதான். உப்புத் தண்ணீர் வாளி போய் உலோகத் தகடு வந்திருக்கிறது, அவ்வளவே.

அடுத்த சிக்கல் நேரம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குவதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். நோயாளிகளிடம் சாதாரணமாகக் காணப்படும் ஒழுங்கற்ற நாடிக்குப் பின்னால் இது இருப்பதை 1909-ல் லண்டனில் தாமஸ் லூயிஸ் இசிஜியால் நிறுவினார். பலருக்கு இது வரும், போகும். டாக்டர் முன்னால் உட்காரும்போது இதயம் நல்ல பிள்ளையாகத் துடிக்கும். இதற்காகத்தான் அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர் நடமாடும்போதே பதிவு செய்யும் கருவியைக் கட்டினார். 1940-களின் முதல் வடிவத்தை முதுகில் சுமக்க வேண்டும். எடை சுமார் 38 கிலோ.

அதைச் சட்டைப்பைக்குள் அடக்கியவர்களில் ஒருவர், அலைவ்கார் நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் டேவிட் ஆல்பர்ட். அவருடைய கருவி இசிஜியை நம் காதுக்குக் கேட்காத ஒலியாக மாற்றி அனுப்பும், போனின் மைக் அதைக் கேட்டு வரையும். 2012 இறுதியில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. அப்போது மென்பொருள் கோட்டை வரைந்ததோடு சரி, வாசித்தது டாக்டர். 2014-ல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தானே கண்டறிந்து சொல்லவும் அனுமதி வந்தது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், எனக்கு இந்த இரண்டு வருஷ இடைவெளிதான் இக்கதையின் பெரிய திருப்பம். கம்பியின் மறுமுனையில் இருந்த மனிதர் எழுந்து போன இடம் அது.

அதற்காக இதைப் பொம்மை என்று ஒதுக்கவும் முடியாது. 2019-ல் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஸ்டடியில் 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். கடிகாரத்தின் ஒளி உணரி நாடியைக் கவனித்து எச்சரித்தது 2,161 பேரை. அவர்களில், பிறகு மார்பில் இசிஜி பட்டை ஒட்டிக்கொண்டு ஆராயக்கூடிய பதிவு தந்தவர்கள் 450 பேர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பிடிபட்டது 34 சதவீதத்தினருக்கு. மற்றவர்களுக்கு வந்தது பொய் எச்சரிக்கையா, இல்லை அது அதற்குள் வந்து போய்விட்டதா? அந்த எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பட்டை ஒட்டியிருந்த நேரத்திலேயே வந்த எச்சரிக்கைகளில் 84 சதவீதம் சரியாக இருந்தன.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. லீட் ஒன்று என்பது ஒரே ஒரு ஜன்னல். மருத்துவமனை இசிஜி 12 ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. இதயத்தின் அடிச்சுவருக்குப் போகும் ரத்தம் அடைபட்டால் அதன் தெளிவான தடயம் மற்ற ஜன்னல்களில்தான் விழும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திரையில் ‘நார்மல்’ என்று வரலாம். மென்பொருள் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வி தாளத்தைப் பற்றியது, அதற்குப் பதில் சொல்லிவிட்டது. நெஞ்சை அழுத்துகிறதா, வியர்க்கிறதா என்று அதை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

வீட்டில் அப்பா அம்மாவுக்கு இந்தக் கருவியை வாங்கிக் கொடுப்பவர்கள் இதையும் சொல்லிக் கொடுங்கள்: படபடப்பு வந்து போனால் பதிவு செய்து டாக்டரிடம் காட்டலாம். நெஞ்சு வலித்தால் போனில் விரல் வைத்து 30 விநாடி உட்கார வேண்டாம். அதே போனில் 108-ஐக் கூப்பிட வேண்டும்.