இன்னாரின் மனைவி

கணவன் பெயரை வாயால் சொல்லாத பெண்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று கேட்டால், "பழனியிலே இருக்கிறவர் பேர்தான்" என்று குறிப்பால் உணர்த்துவார்கள். அல்லது பக்கத்து வீட்டுச் சிறுவனை அழைத்துச் சொல்லச் செய்வார்கள். வட இந்தியாவின் பல பகுதிகளில் வழக்கம் இன்னும் ஒரு படி கடுமையாக இருந்தது. அங்கே ஒரு பெண் அந்நியரிடம் தன் சொந்தப் பெயரையே சொல்வதில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் வாக்களிக்க இயலாமற் போனதற்கு இந்த வழக்கமே காரணம்.

வாக்குரிமையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே படிக்கிறோம். 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண் என்பதற்காக வாக்கு மறுக்கப்படும் தடையை நீக்கியது. ஆயினும் சொத்துத் தகுதி என்னும் வேலி அப்படியே நின்றது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் தொகையை ஏறத்தாழ 3 கோடியாக விரித்தது. அச்சட்டத்தின் கீழ் வாக்குப் பெற்ற பெண்களில் பலருக்கு அந்தத் தகுதி எவ்வாறு கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. சொத்துடையவரின் மனைவி அல்லது விதவை என்பதே அவர்களுடைய தகுதி. உரிமை அவர்களுக்குக் கணவன் வழியாகவே வந்து சேர்ந்தது.

21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்கு என்று புதிய அரசியல் சாசனம் அறிவித்தபோது இந்த வேலிகள் ஒரே வரியில் சரிந்தன. ஆனால் அந்த வரியை நடைமுறையாக்க ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. பட்டியலில் பெயரில்லாதவர், சட்டம் என்ன சொன்னாலும், சாவடி வாசலிலிருந்து திரும்பத்தான் வேண்டும். சாசனம் முற்றுப்பெறும் முன்பே, 1948இல், அரசியல் நிர்ணய சபையின் செயலகம் அப்பட்டியலைத் தயாரிக்கும் பணியைத் தொடங்கிவிட்டது.

முதல் சோதனை அகதிகள் வடிவில் வந்தது. ஓரிடத்தில் குறைந்தது 180 நாட்கள் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. பிரிவினையால் வேரறுந்து நேற்று வந்து சேர்ந்தவர் அந்த விதிக்கு எங்கே போவார்? செயலகம் விதியைத் தளர்த்தியது. இங்கேயே நிலையாக வாழும் எண்ணம் உண்டு என்று அவர் உறுதி கூறினால் போதும், பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. தாளில் எழுதிய விதியைவிட எதிரில் நிற்கும் மனிதரைப் பெரிதாக மதித்த முடிவு அது.

இரண்டாவது சோதனை வீட்டு வாசலில் வந்தது. கணக்கெடுப்பவர் கேட்டார், பெண்கள் பெயர் சொல்லவில்லை. அவர் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இத்தகைய பதிவுகள் மிகுந்திருந்தன. 1950 மார்ச்சில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பேற்ற சுகுமார் சென், கணிதம் பயின்ற ஐ.சி.எஸ். அதிகாரி. வாக்காளரை அடையாளம் காண்பதற்குச் சொந்தப் பெயர் இன்றியமையாதது என்பதில் ஆணையம் உறுதியாக நின்றது. பெயரைக் கேட்டுப் பெற்றுப் பட்டியலைத் திருத்துமாறு உத்தரவிட்டது. அதன் பிறகும் பெயர் கிடைக்காத பதிவுகள் நீக்கப்பட்டன. நாடெங்கும் ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம், அதாவது நூற்றுக்கு மூன்றரை.

கண்டனங்கள் எழுந்தன. சென் அந்தக் கூச்சலையும் நல்ல அறிகுறியாகவே கண்டார். அடுத்த தேர்தலுக்குள் இந்தத் தயக்கம் மறைய அது உதவும் என்று நம்பினார்.

அவர் செய்தது சரியா? இக்கேள்விக்கு எளிய விடை இல்லை என்றே தோன்றுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்த நாட்டில், அவர்களுக்காகச் சின்னங்களையும், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டியையும் ஏற்பாடு செய்தது இதே ஆணையம்தான். எழுத்தறியாமையை ஒரு தடையாகக் கருத மறுத்த ஆணையம், பெயர் சொல்லாத நாணத்தை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்ளவில்லை? அகதிக்கு வளைந்த விதி இவர்களுக்கு ஏன் வளையவில்லை?

ஆணையம் வளைந்துகொடுத்திருந்தால் சுதந்திர நாட்டின் பட்டியலிலும் அவள் "இன்னாரின் மனைவி"யாகவே இருந்திருப்பாள்; 1935இன் நிழல் 1952இலும் நீண்டிருக்கும். ஒருவருக்கு ஒரு வாக்கு என்றால், அந்த ஒருவர் யார் என்று முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். இதைக் கருதும்போது சென்னின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஓர் உயர்ந்த மரியாதை இருப்பதை உணர முடிகிறது. எனினும் அந்த மரியாதைக்கான விலையைக் கொடுத்தவர் சென் அல்லர். தங்கள் பெயரைச் சொல்லும் பழக்கத்தை யாரும் கற்றுத்தராத 28 லட்சம் பெண்கள் கொடுத்தார்கள். கேட்கப்போன ஊழியர் பெரும்பாலும் ஆணாக இருந்தார். பதில் சொல்ல முன்வந்தவரும் பெரும்பாலும் வீட்டு ஆணாகவே இருந்திருப்பார். வாசலில் ஒரு பெண் ஊழியர் நின்று கேட்டிருந்தால் எத்தனை பெயர்கள் வெளிவந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

காலம் சென்னின் நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் பெண்களின் வாக்குப்பதிவு விழுக்காடு முதன்முறையாக ஆண்களுடையதைச் சற்றே விஞ்சியது. ஆனால் பட்டியல் பற்றிய கேள்வி ஓயவில்லை. 2025இல் பீகாரில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறப்பு, இடமாற்றம், இரட்டைப் பதிவு எனக் காரணங்கள் கூறப்பட்டன. விடுபட்டவர்களின் பெயர்களைக் காரணங்களோடு வெளியிடுமாறு அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று பெயரைச் சொல்லாததால் நீக்கப்பட்டவர்கள் இருந்த அதே மண்ணில், நீக்கப்பட்டவர்களின் பெயரைச் சொல் என்று இம்முறை அரசைக் கேட்க வேண்டியதாயிற்று.

ஒரு பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதைச் சுத்தம் செய்பவர் அடிக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் ஒரு மனிதர் இருக்கலாம். அகதிக்கு அன்று செய்ததுபோல, அழிக்கும் முன் அவரிடம் சென்று ஒரு வார்த்தை கேட்பதே குடியரசின் கடமை. 1952இல் பெயரற்றுப் போன அந்த 28 லட்சம் பேரில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் பெயர் இருந்தது.