மறைக்கல்வி (செட்டிநாடு)
மறைக்கல்வி என்பது கத்தோலிக்கப் பங்குகளில் சிறுவர்க்கும் இளையோர்க்கும் விவிலியம், செபம், அருளடையாளங்கள் ஆகியவற்றை வகுப்பு முறையில் கற்பிக்கும் திருச்சபைப் பணியாகும். காரைக்குடி, தேவகோட்டை உள்ளிட்ட செட்டிநாட்டுப் பகுதியில் இது, மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து 1987இல் பிரிக்கப்பட்ட சிவகங்கை மறைமாவட்டத்தின் கீழ் நடைபெறுகிறது. ஞாயிறு திருப்பலியையொட்டி வயதுவாரியாக நடக்கும் இவ்வகுப்புகளில், நற்கருணையை முதன்முறை பெறுவதாகிய புதுநன்மைக்கும் அதன்பின் வரும் உறுதிபூசுதலுக்கும் ஆயத்தம் செய்வதே மையமாகும்; அங்கி அணிந்து, மணியடித்து, தூபக்கலம் ஏந்தும் பீடச்சிறார் பயிற்சி, கற்றதைச் செயலாக்குவதால் தனிச்சிறப்புடையது. தென்னிந்தியத் திருச்சபையில் ஞாயிறு பள்ளியும், கோடைக்கால விடுமுறை வேதாகமப் பள்ளியும் இதற்கு இணையானவை.