அழகர் நின்று போகும் வாசல்

சித்திரைத் திருவிழாவுக்காக அழகர்மலையிலிருந்து மதுரைக்குப் புறப்படும் பெருமாளான அழகர் முதலில் கணக்குக் காட்ட வேண்டும். கோயிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பணசாமியின் சந்தனம் பூசிய கதவுக்கு முன்னால் அவரை நிறுத்தி, பூண்டிருக்கும் நகைகளின் பட்டியலை வாசிப்பது வழக்கம். திரும்பி வந்ததும் சரிபார்ப்பு உண்டு. சாமியே ஆனாலும் சொத்துக்குக் காவல் வேண்டுமே! அதே கதவுக்கு முன்னால்தான் கொடுக்கல் வாங்கல் தகராறுகளும் சத்தியத்தில் தீர்ந்தன. பத்திரம் எழுதாத கடனுக்குக் கருப்பன் சாட்சி.

நகைக்கு முந்திய செல்வம் தானியம். சுற்றுவட்டாரச் சம்சாரிகள் விளைச்சலில் ஒரு பங்கை அழகருக்குக் கொண்டுவந்து அளந்தார்கள். கோயில் பிரசாதமான தோசை அதில் வார்த்ததுதான். வைகையில் இறங்கும்போது அழகர் பச்சைப் பட்டு உடுத்தியிருந்தால் அந்த வருடம் வெள்ளாமை செழிக்கும் என்று கூட்டம் மகிழும். மழையை நம்பிப் பிழைத்த சீமைக்கு அதுவே பங்குச்சந்தை.

முன்பு அழகர் போனது தேனூருக்கு. திருமலை நாயக்கர் (1623–1659) அழகர் ஆற்றில் இறங்கும் அந்த விழாவை மதுரைக்குத் திருப்பினார். வண்டியூர் ஆற்றில் இன்னும் நிற்கும் தேனூர் மண்டபம் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கிறது.

பாதை மாறியதும் நகரத்துப் பணம் சாமியின் வழியில் வந்து நின்றது. வழிநெடுக அழகர் நின்று போகும் மண்டகப்படிகள். பந்தல், பூ, நைவேத்தியம், வந்த சனத்துக்கு நீர்மோர் எல்லாம் மண்டகப்படிக்காரர் செலவு. கைமாறாக அவருக்குக் கிடைப்பது பரிவட்டமும், 'இன்னார் மண்டகப்படி' என்ற பெயரும். பெட்டியில் எத்தனை இருக்கிறது என்பதை ஊர் அறியாது; அழகர் யார் வாசலில் நின்றார் என்பதை அறியும். கூடவே உண்டியல் வண்டிகளும் உருண்டுவரும். ஊரிலேயே பெரிய சொத்துக்காரர்தான் காசு கேட்டு வருகிறார்!

1892-இல் ஹார்வி ஆலை வந்தபின் மதுரையில் பணம் வேறு வழிகளிலும் பிறந்தது. பேருந்தில் டி.வி.சுந்தரம் அய்யங்காரும், நூற்பாலையில் கருமுத்து தியாகராசரும் பெரிய மனிதர்களானார்கள். ஆனாலும் பெயர் தந்தது செலவுதான்: தியாகராசர் பெயரை ஊர் இன்று அதிகம் உச்சரிப்பது 1949-இல் அவர் தொடங்கிய கல்லூரியால்.

பெயர் வாங்கிய செலவுகளில் பழையது ஒன்று அழகர்மலையிலேயே இருக்கிறது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் அழகருக்கு நேர்ந்துகொண்டாள். பாட்டில் நின்றுபோன அந்த நேர்த்திக்கடனைச் சில நூற்றாண்டுகள் கழித்து ராமானுஜர் வந்து செலுத்தினார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவரை ஆண்டாள் 'அண்ணா' என்று கூப்பிட்டதாக வைணவர்கள் சொல்வார்கள்.